இரவில் குறைந்த சத்தத்தில் கேட்க எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: அபார்ட்மென்ட், 10-க்கு 12 அடி அறை. வால்யூமைக் குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) நாதமே காணாமல் போகிறது. பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?

பதில் 1: ஆகாது. சத்தம் குறையும்போது காதுக்கு முதலில் மங்குவது பேஸ் என்ற தாழ்ந்த ஒலிதான்; ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது. லவுட்னஸ் திருகு (பேஸ் மங்காமல் சத்தத்தைக் குறைப்பது) உள்ள ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள், யமஹா ஏ-எஸ்301 போல. லவுட்னஸை 'ஃப்ளாட்' குறியில் வைத்து, வழக்கமாகக் கேட்கும் உச்ச சத்தத்துக்கு வால்யூமை நிறுத்துங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் திருகாலேயே குறையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு 'கொழகொழ' என்கிறார்கள்.

பதில் 2: 5 அங்குல வூஃபர் (பேஸ் தரும் கூம்பு) போதும். சுவரை ஒட்டி வைப்பதானால் பின்பக்க போர்ட் (காற்றுத் துளை) வேண்டாம், மூடிய பெட்டி நல்லது. காதிலிருந்து ஒரு மீட்டரில் வையுங்கள்: தூரம் பாதியானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் கூடும், அந்த அளவுக்கு வால்யூமைக் குறைக்கலாம். தரையில் சப்வூஃபர் தயவுசெய்து வேண்டாம். கீழ்வீட்டுக்கு முதலில் போவது அதுதான்.

பதில் 3: ஆக்டிவ் மானிட்டர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) என்றால் பாட்டை நிறுத்தி, ட்வீட்டரில் (கீச்சு ஒலி தரும் சிறிய பகுதி) 'உஸ்' இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். பகலில் கடையில் தெரியாது, இரவில் உறுத்தும்.