புதுப்பிப்பு: கருப்பு டி-ஷர்ட்டில் சிவப்பு பிரிண்ட், ஓரத்தில் வெள்ளை தெரிந்த பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கருப்பு காட்டன் டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங். வெள்ளை அண்டர்பேஸ் (அடியில் போடும் மை), அதன் மேல் சிவப்பு பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் மை). ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது, சிவப்பும் வெளிறி நின்றது.

அண்டர்பேஸின் ஓரத்தைச் சுருக்கும் சோக் பாதிதான் உதவியது. டிசைனின் மெல்லிய கோடுகளும் காணாமல் போயின. வேலைக்கு ஆனது, அண்டர்பேஸையே கலராக்கச் சொன்ன யோசனை. எடையில் 80 பங்கு வெள்ளை, 20 பங்கு அதே சிவப்பு. 43டி மெஷ்ஷில் (சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள ஸ்கிரீன் வலை) அண்டர்பேஸ், ஃப்ளாஷ் (சிறிது நேரச் சூட்டில் மையை அரைகுறையாக இறுக்குவது), பிறகு 77டி-யில் சிவப்பு. இப்போது ரெஜிஸ்ட்ரேஷன் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) மயிரிழை விலகினாலும் தெரிவது இளஞ்சிவப்புதான். கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே படவில்லை. சிவப்பை 40 பங்காக்கியபோது மறைப்புத் திறன் குறைந்து துணியின் கருப்பு மேலே வந்துவிட்டது. ஆசைப்பட்டுக் கூட்டாதீர்கள்.

எதிர்பாராதது: டிசைனில் இருந்த மஞ்சள் எழுத்து அந்த பேஸ் மேல் ஆரஞ்சாகிவிட்டது. மஞ்சளுக்குத் தனியாக வெள்ளை ஸ்கிரீன் போட வேண்டியதாயிற்று. இன்னொன்று, ஃப்ளாஷ் அதிகமானால் மேல் சிவப்பு நகத்தால் கீறினாலே உரிகிறது. தொட்டால் விரலில் ஒட்டாத பதம் போதும். முழு க்யூர் (மையைச் சூட்டில் முழுதாக இறுக வைப்பது) கடைசியில், மையின் முழுத் தடிமனும் 160 டிகிரி செல்சியஸ் எட்டும்படி.