மறு: குடல்வால் மியூக்கோசீல், தமிழில் என்ன?

அக்காவுக்கு வணக்கம். நம் ஊர் நோயாளிகளுக்காக அச்சடிக்கும் தமிழ் மருத்துவச் சொற்களில், குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) மியூக்கோசீலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த இந்த வரிக்கு என் பதில்.

> ‘குடல்வால் சளிக்கட்டி’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சளி என்றால் நம் மொரீஷியஸ்காரர்களுக்கு மூக்கும் நெஞ்சும்தான். ‘கட்டி’ என்றதும் புற்றுநோய் என்று பயந்துவிடுவார்கள். மியூக்கோசீல் ஒரு தோற்றத்தின் பெயர். குடல்வாலின் வாய் அடைபட, உள்ளே சுரக்கும் வழவழப்பான சீதம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வால் பையாக உப்பிவிடுகிறது. அடைத்தது மலக்கல்லா, புதுவளர்ச்சியா (செல்கள் கட்டுமீறிப் பெருகியதா) என்பதை வெட்டியெடுத்ததை ஆய்வகத்தில் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். (ஸ்கேனில் 2 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் புதுவளர்ச்சியோ என்ற சந்தேகம் கூடும்.) அதனால் ‘சீதப்பை’ என்று போடுவோம். சீதபேதி, சீதச்சவ்வு எல்லாம் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள்தானே.

‘பை’ என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஏன் இவ்வளவு பக்குவமாக அறுக்கிறார்கள் என்பது அதிலேயே விளங்கிவிடும். கிடுக்கியால் வாலை நேரே பிடிக்கமாட்டார்கள். அதைத் தாங்கும் கொழுப்பு மடிப்பைப் பிடித்துத் தூக்கி, முழுசாக வெட்டி, வயிற்றுக்குள்ளேயே ஓர் உறையில் போட்டு மூடி, அப்புறம்தான் துளை வழியே எடுப்பார்கள். கிழிந்து சிந்தினால், புதுவளர்ச்சியின் செல்கள் வயிற்றறைச் சவ்வில் ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் சீதம் சுரந்து வயிற்றையே நிரப்பிவிடக்கூடும். கிழியும் என்று தோன்றினால் வயிற்றைத் திறந்தே எடுத்துவிடுவார்கள். அதைத் தோல்வி என்று சொல்லக் கூடாது.

அடுத்து, துளை போட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் இந்த அறுவையின் பெயர். பிரான்சில் படித்த டாக்டர் ‘செலியோஸ்கோப்பி’ என்பார், இந்தியாவில் படித்தவர் ‘லேப்ராஸ்கோப்பி’ என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று நோயாளிக்கு யார் சொல்வது? ஒரே தமிழ்ச்சொல் வைத்தால் அந்தக் குழப்பம் தீரும். தமிழ்நாட்டில் எழுதும் ‘நுண்துளை அறுவை’ எனக்கு ஒப்பவில்லை. துளை ஒவ்வொன்றும் 5 முதல் 12 மி.மீ. வரை, உறையை வெளியே எடுக்க இன்னும் அகட்டவேண்டியும் வரும். அதில் நுண்மை எங்கே? ‘சிறுதுளை அறுவை’ போதும்.

‘குடல்வால்’ இருக்கட்டும். ‘லாப்பாந்திசித்’ (அப்பெண்டிசைட்டிஸ் என்பதன் பிரெஞ்சு வடிவம்) என்று உறுப்பையும் நோயையும் ஒரே வாயால் சொல்லும் நம் ஆட்களுக்கு அதுவே புதுசு.

சீதம் சிந்தி நிரம்பிய வயிற்றுக்குத் தம்பி ‘கூழ்வயிறு’ என்று எழுதியிருந்தார். மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கிற ஊரில் அதை அச்சடித்தால் சிரிப்பார்கள் தம்பி! ‘சீதவயிறு’ சரிப்படுமா, அக்கா?