அடியில் தங்கிய ஈஸ்ட்டை அடுத்த பீருக்குப் போடலாமா?

கேள்வி:
வீட்டில் போட்ட பேல் ஏலை (வெளிர் நிற பீர்) நேற்று பாட்டிலில் அடைத்தேன். கலனின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈஸ்ட் வண்டல். கொட்ட மனசு வரவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, ஒரு ஜாடியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்து ஸ்டவுட் (கறுப்பு பீர்) போட இது ஆகுமா?

பதில்:
தாராளமாக. வெளிர் பீரிலிருந்து கறுப்புக்குப் போவதுதான் சரியான வரிசை. ஆனால் இனிமேல் கழுவாதீர்கள். நானும் பல வருடம் கழுவியவன்தான். பீரின் அமிலமும் ஆல்கஹாலும்தான் கிருமிகளை அண்டவிடாமல் வைக்கின்றன. கழுவினால் அந்தக் காவல் போய்விடும். பழைய பீர் கொஞ்சம் மேலே நிற்கட்டும். அப்புறம், மூடியை இறுக்கவே இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கலாம்.

இன்னொரு பதில்:
மூன்று வாரத்தில் நிறைய ஈஸ்ட் செல்கள் செத்திருக்கும். பீர் போடுவதற்கு முந்தின நாளே ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டைப் பெருக்கும் சிறு கரைசல்) போடுங்கள்: 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் சாறு (முளைகட்டிய தானியச் சாற்றின் பொடி), 10 நிமிடம் கொதி, 20 டிகிரிக்கு ஆறியதும் ஈஸ்ட்.

கேட்டவர்:
நன்றி! கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:
முகர்ந்து பாருங்கள். ரொட்டி வாசனை என்றால் நல்லது. புளிப்போ ரப்பர் வாடையோ அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.