வெளிநாட்டிலிருந்து மதுரைப் பசங்களோடு கேம் ஆடினால் லாக் ஆகிறதா? கஸ்டமர் கேருக்குப் போன் போடும் முன் படியுங்கள்

வெளிநாடு போய் வீடு பிடித்து நெட் கனெக்‌ஷன் வாங்கிய கையோடு தம்பிமார் எனக்கு அனுப்பும் மெசேஜ் பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, ஐந்நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். நம்ம பயலுகளோட ஆடுனா பிங் நூத்தம்பதுக்குக் கீழ வரவே மாட்டேங்குது. கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?”

ஏமாற்றவில்லை. பிங் என்பது உங்கள் தகவல் கேம் சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில் (வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண்ணுவது. பிளானில் போட்டிருக்கும் எம்பிபிஎஸ் வேகம் அது அல்ல. நான் மதுரை இலந்தைக்குளம் பக்கம் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து வெளிநாட்டு பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் புகார்களை நைட் ஷிஃப்ட்டில் எடுப்பவன். நீங்கள் போன் போட்டால் எதிர்முனையில் இருக்கிற ஆள். எந்தப் புகார் நகரும், எது நகராது என்று சொல்ல முடியும். அதற்கு முதலில் தூரம் வேறு, கோளாறு வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஃபைபருக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். அப்படியானால் ஆயிரம் கி.மீ. போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட். மதுரைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டிலேயே 8,000 கி.மீ.க்கு மேல், எவ்வளவு காசு கொட்டினாலும் பிங் 80-க்குக் கீழே இறங்காது. கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. மும்பை, அரபிக்கடல், செங்கடல், எகிப்து என்று சுற்றித்தான் ஐரோப்பா போகிறது. அதனால் 130, 150 எல்லாம் நல்ல நாளின் கணக்கு. 2025 செப்டம்பரில் ஜெட்டா பக்கம் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நெட் மெதுவானது. அப்போது உங்கள் கம்பெனியைத் திட்டி என்ன பிரயோஜனம்? சிங்கப்பூர்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், சுமார் 3,000 கி.மீ.தான். டொராண்டோ ஆட்கள் மதுரை செட்டோடு ஷூட்டிங் கேம் ஆடுவதை விட்டுவிட்டு ரம்மி, செஸ் பக்கம் போய்விடலாம் என்பது என் கருத்து.

எந்த கேம் என்பதும் முக்கியம். பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ இந்தியாவுக்கென்றே 2021-ல் வந்தது. அங்கே பப்ஜி மொபைலைப் போட்டுக்கொண்டு இங்கே இருப்பவனை பார்ட்டியில் சேர்க்க முடியாது. வாலரண்டில் கணக்கின் பிராந்தியம் ஐரோப்பா என்று மாறிவிட்டால் மும்பை சர்வரில் ஆடும் நண்பனோடு சேர முடியாது, பிராந்தியத்தை மாற்றும் முன் யோசியுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி துபாயில் சர்வர் இருக்கும் கேமாக இருந்தால் லண்டனுக்கும் மதுரைக்கும் அது ஓரளவு நடுவாந்திரம்.

சரி, கோளாறுக்கு வருவோம். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து முதலில் உங்கள் ரூட்டருக்கே பிங் போடுங்கள்: ping என்று அடித்து, பக்கத்தில் ரூட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அடுத்து 1.1.1.1-க்கு, அது வெளியே நெட்டில் இருக்கும் ஒரு பொதுச் சர்வர். கடைசியில்தான் கேம் சர்வர். பக்கத்து அறையில் இருக்கும் ரூட்டருக்கே 3, 4, 180, 5, 220 என்று துள்ளினால் பிரச்சினை உங்கள் வைஃபையில். வெளியே யாரையும் குறை சொல்ல முடியாது. ஷேரிங் வீட்டில் ஆறு பேர், அக்கம்பக்கத்து ஃபிளாட்டில் இருபது ரூட்டர், எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில். 5-க்கு மாற்றுங்கள், முடிந்தால் ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிள் போட்டால் ரூட்டர் வரை ஒன்று, இரண்டு மில்லிசெகண்ட்தான் வரவேண்டும்.

ரூட்டர் வரை சுத்தமாக இருந்தும் லாக் ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அப்லோடு நெரிசலை. 1.1.1.1-க்கு பிங்கை ஓடவிட்டு, போனில் இருக்கும் போட்டோக்களை கிளவுடில் ஏற்றிப் பாருங்கள். 15-ல் இருந்தது 300-க்கு ஏறினால் லைனில் கோளாறு இல்லை. உங்கள் கேம் பாக்கெட்டுகள், அதாவது கேம் அனுப்பும் தகவல் துண்டுகள், போட்டோக்களுக்குப் பின்னால் ரூட்டரில் வரிசை கட்டி நிற்கின்றன. ரூம்மேட் அம்மாவோடு வீடியோ கால் பேசுகிற நேரத்தில் நீங்கள் சுடப்படுவது இதனால்தான். ரூட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் (SQM) அல்லது கியூஓஎஸ் (QoS) வசதி இருந்தால் போட்டு, வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுங்கள். ஸ்பீடு டெஸ்ட்டில் கொஞ்சம் குறையும், ஆட்டம் சீராகும்.

சர்வர் வரை வழியில் வரும் ஒவ்வொரு ரூட்டரையும் (ஹாப்) சோதிக்கும் வின்எம்டிஆர் (WinMTR) ஓட்டி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் ஒரு ஹாப்பில் 60 சதவீத லாஸ், அதாவது பாக்கெட் தொலைந்துபோனது, என்று காட்டி, அதற்கடுத்தவை எல்லாம் பூஜ்யம் என்றால் அது லாஸே இல்லை. அந்த ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதை மட்டும் குறைத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் ஆரம்பித்துக் கடைசி வரை தொடர்ந்தால்தான் கணக்கு.

இத்தனையும் பார்த்த பிறகு போன் போடுங்கள். “கேம் லாக் ஆகுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் எங்கள் ஸ்கிரீனில் அது ‘வேறு நிறுவனத்தின் சேவை’ என்ற தலைப்புக்குப் போகும், டிக்கெட் அன்றே மூடப்படும். “ரூட்டரில் கேபிள் போட்டுச் சோதித்தேன், இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை 1.1.1.1-க்கு 5 சதவீதம் பாக்கெட் லாஸ், லைன் டெஸ்ட் எடுங்கள்” என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவன் நிமிர்ந்து உட்காருவான். டிக்கெட் நம்பர் வாங்குங்கள், முடிந்தவரை சாட்டில் பேசி உரையாடலைச் சேமியுங்கள். செம்புக் கம்பி வழி லைனாக இருந்தால் ரூட்டரை அடிக்கடி ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள்; லைன் நிலையில்லாமல் இருக்கிறதென்று சிஸ்டம் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

கம்பெனி எதற்குக் கட்டுப்பட்டதோ அதைப் பிடியுங்கள். பிங்குக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை, வேகத்துக்குத் தருகிறார்கள். பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வேக நெறிமுறையில் சேர்ந்த கம்பெனி என்றால், உறுதி சொன்ன குறைந்தபட்ச வேகம் வராமல் 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அபராதமின்றி வெளியேறலாம். ஜெர்மனியில் 2021 டிசம்பர் முதல் கட்டணத்தைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு அரசு ஒழுங்குமுறை அமைப்பின் அளவீட்டுச் செயலியில், கேபிள் போட்டு, வெவ்வேறு நாட்களில் முறைப்படி அளக்க வேண்டும். கனடாவில் சிசிடிஎஸ் (CCTS), ஆஸ்திரேலியாவில் டிஐஓ (TIO) என்று இலவசமாகப் புகார் கேட்கும் அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2024 முதல் ஒவ்வொரு பிளானுக்கும் வேகத்தோடு லேட்டன்ஸியையும் (பிங் நேரம்) போட்டு லேபிள் காட்டியாக வேண்டும், வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

புதிதாகப் போனவர்களுக்கு இதையெல்லாம்விட உபயோகமானது ஒன்று உண்டு. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆன்லைனிலோ போனிலோ எடுத்த இணைப்பை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அந்த இரண்டு வாரத்தில் ராத்திரி நேரத்தில் ஆடிப் பாருங்கள், சரியில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரு வருஷம் படிக்கப் போகிறவன் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

அப்புறம், மதுரைப் பக்கத்தையும் பாருங்கள். லண்டனில் சாயங்காலம் ஐந்து மணி என்றால் இங்கே கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை, தெருவே வீடியோ பார்க்கும் நேரம். கரண்ட் போனால் ஃபைபர் இருந்தும் ரூட்டர் செத்துவிடும், 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். லைன் போனால் இங்கே டிக்கெட் நம்பர் எல்லாம் கிடையாது. கேபிள்காரருக்கு “அண்ணே, நெட்டு போச்சு” என்று போன் போட்டால் வண்டியில் வந்துவிடுவார், மழை நாளாக இல்லாத வரை. நண்பனையும் அவன் ரூட்டருக்கு பிங் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதிலேயே 80, 90 என்று துள்ளினால் லண்டன் கம்பெனிக்கு எதுவும் எழுத வேண்டாம். ஹாலில் இருக்கும் ரூட்டரிலிருந்து மாடி அறைக்கு அவன் ஒரு கேபிள் இழுத்தால் போதும்.