சொந்தப் பொருளிலிருந்து கொடுப்பது கருணையா, கடனா?

கரையோரம் கேட்டது:

வணக்கம். ஒருவர் யாரையும் ஏமாற்றாமல், சட்டத்தை மீறாமல் ஈட்டிய பொருள் முழுவதும் அவருக்கே உரியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதிலிருந்து அவர் வறியவருக்குக் கொடுப்பது அவருடைய பெருந்தன்மை. கொடுக்க மறுத்தால் அவரைக் கஞ்சன் என்று சொல்லலாமே தவிர, உரிமையோடு யாரும் கேட்க முடியாது. மாறாக, அந்தப் பொருளில் ஒரு பங்கு தொடக்கத்திலிருந்தே வறியவருடையது என்றால், கொடுப்பவர் கடனை அடைக்கிறார், அவ்வளவுதான். வாங்குபவர் கைகூப்ப வேண்டிய தேவையே இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்று உண்டா? கட்சி அரசியலுக்குள் போகாமல் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நெடுஞ்சுவர் எழுதியது:

உண்டு. அதுவும் தனியுடைமையை வலுவாக ஆதரித்தவர்களிடமே அது இருக்கிறது. பொதுவில் கிடந்த பொருளோடு ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும்போது அது அவருக்குச் சொந்தமாகிறது என்று 17ஆம் நூற்றாண்டில் வாதிட்ட ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக், பிறருக்கும் போதுமான அளவும் அதே தரத்திலும் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதனோடு சேர்த்தே வைத்தார். பிழைக்க வேறு வழியில்லாதவருக்கு மற்றவருடைய மிகுதியில் உரிமை உண்டு என்றும் அவரே எழுதினார். அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முந்திய கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், வெளிப்படையான, உடனடியான ஆபத்தில் இருப்பவர் பிறர் பொருளை எடுத்து உயிர் பிழைத்தால் அது திருட்டாகாது என்றார். 1891இல் போப் 13ஆம் லியோ வெளியிட்ட சுற்றுமடலும் தனியுடைமையை இயற்கை உரிமை என்று அறிவித்துவிட்டு, தம் நிலைக்கு வேண்டியது போக எஞ்சியதைக் கொடுப்பது கடமை என்கிறது. ஆனால் கடும் நெருக்கடி தவிர்த்த மற்ற நேரங்களில் அது நீதியின் கடமையன்று, அன்பின் கடமை. எனவே மனிதச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் நிலைப்பாடு.

ஆக, உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில் இவர்கள் கோடு போடுகிறார்கள். எனக்கு இதில் முழு நிறைவு இல்லை. பட்டினியால் ஒருவர் மயங்கி விழும் வரை அவருக்குக் கிடைப்பது தயவு, விழுந்த மறுகணம் அது உரிமை என்றால், கோடு மிகவும் தாமதமாகவே போடப்படுகிறது.

அளவுகோல் எழுதியது:

கேள்வியின் முதல் பாதியை மேலே உள்ள பதில் விட்டுவிட்டது. பொருள் முறையாக ஈட்டப்பட்டு, முறையாகவே கைமாறியிருந்தால், இறுதியில் யாரிடம் எவ்வளவு சேர்ந்திருந்தாலும் அது நியாயமே என்பது அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக் 1974இல் முன்வைத்த வாதம். உழைத்துப் பெறும் வருமானத்தின் மீதான வரியைக் கட்டாய உழைப்புக்கு நிகராக வைத்தவர் அவர். ஆயினும், கடந்த காலத்தில் நடந்த அநீதியைச் சரிசெய்ய வேண்டும் என்ற மூன்றாவது விதியும் அவருடையதே. அவரை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பறித்த நிலத்தைப் பத்துத் தலைமுறை முறைப்படி கிரயம் செய்தாலும், முதல் பத்திரத்தில் உள்ள கறை போவதில்லை.

மறுகரை எழுதியது:

பறிப்பே நடக்காத இடத்திலும் சிக்கல் இருக்கிறது. ஒருவருடைய தரிசு நிலத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் வருகிறது. அவர் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை, நிலத்தின் மதிப்போ பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. அதை விற்று, கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மருத்துவமனை கட்டி, வாசலில் தம் பெயரைப் பொறிக்கிறார். பாதையை அமைத்தவர்களும் அதில் பயணம் செய்பவர்களும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு அது. செல்வ ஏற்றத்தாழ்வு அரசின் அநீதியால் விளைந்திருக்குமானால், பணக்காரர் செய்யும் உதவிக்கு ஈகை என்ற பெயர் பொருந்துமா என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1797இல் கேட்டது இங்கே நினைவுக்கு வருகிறது. இந்த எடுத்துக்காட்டில் அரசு அநீதி எதையும் செய்யவில்லையே என்று யாராவது எதிர்வாதம் செய்யலாம். அப்போதும் அந்த உயர்வு நிலத்துக்காரருடைய உழைப்பால் வந்தது என்று சொல்ல வழியில்லை.

கரையோரம் கேட்ட இடைநிலையை இஸ்லாமிய மரபு ஒரு நடைமுறையாகவே வகுத்திருக்கிறது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஓர் ஆண்டு கையிலிருந்த பணத்தில் 2.5 விழுக்காடு ஸகாத், அதாவது கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு. அதைப் பெறத் தகுதியுள்ளோர் 8 வகையினர் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. அது செல்வத்தில் வறியவருக்குள்ள உரிமையாகக் கருதப்படுவதால் கொடுப்பவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை, எஞ்சியது உடையவருடையதே. அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பது ஸதகா என்று தனியாக நிற்கிறது. ஆகவே கடனும் கருணையும் ஒரே மனிதரின் கையிலிருந்து வெவ்வேறு கணக்கில் போகலாம்.

விளைச்சலுக்கான விகிதம் இன்னும் கவனிக்கத்தக்கது: மழையால் விளைந்ததற்கு 10 விழுக்காடு, செலவு செய்து நீர் இறைத்து விளைவித்ததற்கு 5 விழுக்காடு. தான் பாடுபடாமல் வந்ததில் பிறர் பங்கு கூடுகிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்து நிலத்துக்கு இதே அளவையைப் பொருத்தினால் விகிதம் எவ்வளவு வரும் என்பதை, அளவுகோல் அவர்கள் நோசிக்கின் பக்கம் நின்றே கணக்கிட்டுச் சொன்னால் விவாதம் மேலே நகரும்.