டிக் பதில் சொல்கிறது, பிங் கைவிரிக்கிறது: லினக்ஸில் டிஎன்எஸ் சிக்கல்கள்

"நெட் போச்சு" என்ற புகார் பலமுறை நெட்டைப் பற்றியதே அல்ல. முதலில் 'பிங் 1.1.1.1' (அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). பதில் வந்தால் கேபிள், வைஃபை, கேட்வே எல்லாம் சரி, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்துகிறது. வராவிட்டால் 'ஐபி ரூட்' அடித்து, 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா பாருங்கள். கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி பதிலே தரவில்லை. அப்போது டிஎன்எஸ்ஸை நோண்டிப் பயனில்லை.

---

ஒரு திருத்தம். சில ஃபயர்வால்கள் பிங்கை மட்டும் தடுக்கும். டிஃபால்ட் வரி சரியாக இருந்தும் பிங் போகவில்லையென்றால் உடனே ரூட்டரைக் கழற்றாதீர்கள்.

---

'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் நேம்சர்வரை (டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்) மாற்றுவது, ரீபூட் ஆனதும் பழையபடி ஆகிவிடுவது: இந்தக் கூத்து ஓயவே ஓயாது. 'எல்எஸ் -எல்' போட்டுப் பாருங்கள். உபுண்டுவில் அது வெறும் சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி. கோப்பை எழுதுவது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பின்னணிச் சேவை. உள்ளே இருக்கும் 127.0.0.53 தப்பு இல்லை, அதே கணினியில் ஓடும் இடைத்தரகர். அவர் யாரிடம் கேட்கிறார் என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும்.

மாற்றம் நிலைக்க வேண்டுமானால் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் சொல்லுங்கள்: 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை' கட்டளையில் 'ஐபிவி4.டிஎன்எஸ்' முகவரி, கூடவே 'ஐபிவி4.இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் யெஸ்'. இரண்டாவதை விட்டால் ரூட்டர் தருகிற முகவரியும் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு கனெக்‌ஷனை ஒருமுறை 'அப்' செய்யுங்கள். 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' போட்டுக் கோப்பைப் பூட்டச் சொல்வார்கள். விபிஎன் போடும் நாளில், பூட்டிய கோப்பை அதனால் மாற்ற முடியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

---

'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் உள் நெட்வொர்க்கின் நேம்சர்வர் முதலில், பொது நேம்சர்வர் இரண்டாவது. முதலாவதற்குத் தெரியாத பெயரை இரண்டாவது சொல்லும் என்று பலர் நம்புகிறார்கள். பெயர் தேடலைச் செய்யும் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி அப்படி நடந்துகொள்ளாது. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்பதும் முழுமையான பதில்தான். அதோடு தேடல் முடிந்தது. முதலாவது வாயே திறக்காதபோதோ, தன்னால் முடியவில்லை என்று பிழை சொல்லும்போதோதான் அடுத்ததிடம் போகும். வாயே திறக்காவிட்டால் 5 விநாடி காத்திருந்துவிட்டு. ஒவ்வொரு தளமும் சரியாக 5 விநாடி முழித்துவிட்டுத் திறந்தால் முதல் நேம்சர்வர் செத்துக்கிடக்கிறதா பாருங்கள். மூன்றுக்கு மேல் எழுதுவதும் வீண், நான்காவதைப் படிக்கவே படிக்காது.

---

தலைப்பில் உள்ள சிக்கலுக்கு வருகிறேன். டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் கட்டளையான டிக் நேராக நேம்சர்வரிடம் கேட்கிறது. பிங்கும் மற்ற பல நிரல்களும், பெயரை எங்கெங்கே தேடுவது என்று 'என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' கோப்பு சொல்லும் வரிசைப்படி போகின்றன. அதனால் அதே வரிசைப்படி தேடும் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' போட்டுச் சோதிப்பதே நியாயம். பல டெஸ்க்டாப்களில் அந்தக் கோப்பின் வரி இப்படி இருக்கும்:

ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ் எம்டிஎன்எஸ்4_மினிமல் [நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்] டிஎன்எஸ்

அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் வில்லன். '.லோக்கல்' என்று முடியும் பெயர் எம்டிஎன்எஸ்ஸில் (சர்வர் இல்லாமல் உள் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளிடமே பெயரைக் கேட்கும் முறை) கிடைக்காவிட்டால் அங்கேயே திரும்பிவிடு என்கிறது. கடைசியில் நிற்கும் டிஎன்எஸ்ஸுக்கு முறையே வராது. அவசரத்துக்கு 'டிஎன்எஸ்' என்ற சொல்லை எம்டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் நகர்த்தலாம். ஆனால் '.லோக்கல்' 2013இலேயே ஆர்எஃப்சி 6762 வழியாக எம்டிஎன்எஸ்ஸுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. வீட்டு நெட்வொர்க் என்றால் 'ஹோம்.ஆர்ப்பா'வுக்கு மாறிவிடுங்கள்.

---

அதே வரியில் 'ஃபைல்ஸ்' முதலில் நிற்பதையும் கவனியுங்கள். டிக் புது முகவரி, பிங் பழைய முகவரி என்றால் '/இடிசி/ஹோஸ்ட்ஸ்' கோப்பில் எப்போதோ சோதனைக்கு எழுதிய வரி இன்னும் கிடக்கும். 'கிரெப்' போட்டுத் தேடி, அந்த வரி வேலை செய்யாதபடி முன்னால் ஒரு '#' வையுங்கள்.