மாமா குடியை நிறுத்த வழி சொல்லுங்கள்

கொக்குவிலில் இருக்கும் என் மாமாவுக்கு வயது 52. மாலையானால் தவறணைக் கள், சம்பள நாளில் சாராயம். இரண்டு மாதமாக நெஞ்செரிவு, காலையில் வாந்தி. கேட்டால், "கள்ளு குளிர்ச்சி, குடலுக்கு நல்லது" என்கிறார். பனையில் இறக்கினாலும் மதுசாரம் மதுசாரம்தானே! அது இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும், உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்திப் புளிப்பை மேலே ஏறவிடும் என்று வைத்தியர் விளக்கினார். மூட்டுவலிக்கு இபுபுரோபன் குளிசையும் போடுகிறார். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியலாமாம். மலம் கறுத்தால் உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்புக்கூட வரலாம் என்பதால் தனியாக விட மாமிக்குப் பயம். யாழ்ப்பாணத்தில் வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்தியவர்களின் வீட்டார் யாராவது இருக்கிறீர்களா? எங்கே காட்டினீர்கள், எத்தனை நாள் தங்கவேண்டியிருந்தது? முக்கியமாக, அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?